கொசுவுக்கு வேப்பெண்ணெய்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒன்பது மாதக் குழந்தை. மாமியாருக்கு வீசிங். கொசுவத்தி ஏற்றினால் அவருக்கு இழுப்பு வருகிறது. லிக்விட் போட்டால் குழந்தைக்குத் தும்மல். பகலில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலைக் கடிக்கிறது, இரவில் காதோரம் ரீங்காரம். ரசாயனமே வேண்டாம் என்று ஜன்னலில் நொச்சியும் சிட்ரோனெல்லாப் புல்லும் தொட்டியில் வைத்தேன். காலி லிக்விட் குப்பியில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஊற்றிப் போடலாம் என்கிறார்கள், செய்யலாமா? மாடித் தொட்டியில் வேப்பெண்ணெய் விடலாமா? பண்ருட்டி நாத்தனார் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அனுப்புவதாகச் சொல்கிறார். குழந்தைக்கு உடம்பில் என்ன தடவலாம்? வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்கும், சமையலறைத் தண்ணீர் போகும் திறந்த சாக்கடையும் இருக்கின்றன. (வாசகி, கடலூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

கைக்குழந்தையும் மூச்சுத் தொல்லை உள்ள பெரியவரும் இருக்கிற வீட்டில் புகையையும் ஆவியையும் குறைக்க நினைப்பது சரியான முடிவு. செடிகளிலிருந்து கிடைக்கும் பொருள்களுக்குக் கொசு ஒழிப்பில் உண்மையான இடம் உண்டு. ஆனால் ஜன்னலோரம் அந்த இடம் அல்ல. தேங்கிய அழுக்கு நீரில் புழுவைக் கொல்ல அவை நன்றாகவே உதவும். பெரியவர்களின் தோலில் தடவினால் ஓரளவு நேரம் காக்கும். அறைக்குள் பறக்கும் கொசுவை விரட்ட மிகக் குறைவாகத்தான் உதவும். குடிக்கும் நீரிலும் கைக்குழந்தையின் மேலும் அவற்றை விடவே கூடாது. உங்கள் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களைக் கடிப்பது இரண்டு வகைக் கொசு. பகலில் மேசைக்கு அடியில் கணுக்காலைக் கடிப்பது ஏடிஸ். கருத்த உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள், சத்தமில்லாமல் வரும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான். வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரில் வளரும். இரவில் காதருகே பாடுவது கியூலெக்ஸ். பழுப்பு நிறம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்வது. யானைக்கால் நோயைப் பரப்புவது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். கியூலெக்ஸ் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும். அதனால் பகல் கொசுவுக்கு உங்கள் வீடும் அக்கம்பக்கத்து நாலைந்து வீடுகளுமே பொறுப்பு. இரவுக் கொசுவை உங்கள் கொல்லையோடு மட்டும் முடித்துவிட முடியாது.

சந்தேகமிருந்தால் புழுவைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை முகந்து வெளிச்சத்தில் வையுங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். வால் பக்கத்து மூச்சுக்குழல் குட்டையாகத் தடித்து, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடினால் ஏடிஸ். குழல் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ். தொங்காமல் நீர்மட்டத்தோடு படுத்தபடி கிடந்தால் அது மலேரியா பரப்பும் அனாபிலிஸ். மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் அதைப் பார்க்கலாம். கால்புள்ளி வடிவத்தில் சுருண்டு துள்ளுவது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது, இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். மருந்து விஷயத்தில் இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

நொச்சித் தொட்டிக்கு வருகிறேன். நொச்சி இலையில் கொசுவுக்குப் பிடிக்காத பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை இலைக்குள் நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கின்றன. இலையைக் கசக்கினால் நமக்கு மணக்கிறது, அப்போதுதான் எண்ணெய் காற்றில் கலக்கிறது. சும்மா நிற்கும் செடியிலிருந்து வெளிவரும் மணம் ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரைக் கூடக் காக்காது. சிட்ரோனெல்லாப் புல்லும், துளசியும், சாமந்தியும் அப்படியே. சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்குக் கொடுத்தது. அதனால் நட்டு வைத்தாலே கொசு போய்விடும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. நொச்சியை அகற்ற வேண்டாம், நல்ல செடி, சளிக்கு வேது பிடிக்க இலை கிடைக்கும். ஆனால் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டை இன்றே எடுத்துவிடுங்கள். செடிக்கு ஊற்றி வடிந்த நீர் அந்தத் தட்டில் ஒரு வாரம் நின்றால் ஏடிஸ் அங்கேயே வளரும். தட்டு அவசியம் என்றால் அதில் ஆற்றுமணலை விளிம்புவரை நிரப்புங்கள். ஈரம் இருக்கும், தண்ணீர் தேங்காது.

காலிக் குப்பியில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கருவியின் திரி, மண்ணெண்ணெய் போல மெல்லிய கரைப்பானை உறிஞ்சி மேலேற்றுவதற்குச் செய்யப்பட்டது. வேப்பெண்ணெய் கெட்டியானது, திரியில் ஏறாது. ஏறுகிற கொஞ்சமும் சூட்டில் கருகித் திரியின் முனையை அடைத்துவிடும். அப்போது ஆவியாவது கற்பூரம் மட்டும்தான். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். அதைச் சூடான கருவிக்குள் வைத்துத் தூங்குவது விபத்தை அழைப்பது. கற்பூரம் குழந்தை வயிற்றுக்குள் போனால் கொஞ்சமாக இருந்தாலும் வலிப்பு வரலாம். மூடிய அறையில் அதன் ஆவியைக் குழந்தையும் வீசிங் உள்ளவரும் இரவெல்லாம் சுவாசிப்பதும் நல்லதல்ல. நெஞ்சில் கற்பூர எண்ணெய் தேய்க்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் கைக்குழந்தைக்கு அதையும் விட்டுவிடுங்கள்.

இங்கே இன்னொன்று. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. கொசுவத்தியிலும் லிக்விடிலும் இருக்கும் அலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் வகை மருந்துகள், பைரெத்ரம் என்ற சாமந்திக் குடும்பப் பூவின் சாற்றைப் பின்பற்றித் தொழிற்சாலையில் செய்தவை. அசல் பூச்சாறு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. டெங்கு நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட வீட்டிலும் சுற்று வீடுகளிலும் சுகாதாரப் பணியாளர்கள் உள்ளே அடிப்பது, 2 சதவீதப் பைரெத்ரம் சாறு ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் கலந்தது. செடி மருந்துதான், பறக்கும் கொசுவை உடனே வீழ்த்தும். ஆனால் மீன் தொட்டியில் பட்டால் மீன் சாகும். சாமந்திப் பூ ஒவ்வாதவர்களுக்கு மூச்சுத் தொல்லை கூடும். உங்கள் வீட்டுக்கு வந்து அடித்தால், மாமியாரையும் குழந்தையையும் முன்பே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடுங்கள், அடித்தபின் அரை மணி நேரம் கதவைச் சாத்தி வைத்து, பிறகு நன்றாகக் காற்றாட விட்டு அவர்களை உள்ளே அழையுங்கள்.

புகைக்கும் இதே கணக்குதான். வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை, சாம்பிராணி எல்லாம் கொசுவைக் கொஞ்ச நேரம் விலக்கும். ஆனால் இழுப்பு வருவது மருந்தால் மட்டுமல்ல, புகையிலுள்ள நுண்துகளாலும் வருகிறது. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பச்சிலையைப் போட்டு மூட்டும் புகையில் துகள் குறைவாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. உங்கள் வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம். கடையில் ‘மூலிகை’ என்று அச்சிட்ட ஊதுவத்தியும் வேண்டாம். கொசு மருந்து எதுவானாலும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் மூலிகை என்ற பெயரில் விற்ற வத்திகளில், அனுமதி பெறாத செயற்கை மருந்துகள் கலந்திருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. அட்டையில் மூலப்பொருளும் எண்ணும் இல்லாததை வாங்காதீர்கள்.

இனி வேப்பெண்ணெய். முதலில் கூடாத இடங்கள். மாடித் தொட்டியில் விட வேண்டாம். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களுக்கே குமட்டும். கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, கல்லீரல் பாதிப்பு வரை போயிருக்கிறது. ‘குடல் சுத்தமாகும்’ என்று சங்கில் புகட்டும் வழக்கத்தால் பிள்ளைகள் இறந்ததும் உண்டு. தவிர, தொட்டியில் விட்ட எண்ணெய் மேலே படலமாக மிதந்து சுவரில் ஒட்டும். குழாயில் வருவது அடித்தண்ணீர் என்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தொட்டி காலியாகும் நாளில் மொத்தமாக வந்து சேரும்.

மாடித் தொட்டிக்கு மருந்தே தேவையில்லை. மூடி பொருந்தி உட்கார வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் வளைந்த மூடியானால் தொட்டியின் வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபை அறுத்து இறுகக் கட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது நிரம்பி வழியும் குழாயைத்தான். அதன் வாயிலும் காற்றுக் குழாயின் வாயிலும் நைலான் வலை கட்டவில்லை என்றால் மூடி போட்டும் பயனில்லை. கொசு ஒன்றரை மில்லிமீட்டர் கண் வழியாக நுழையாது. கடையில் ‘கொசு வலை’ என்று கேட்டாலே சரியானது கிடைக்கும். கீழே தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கும் இதே முறை. டிரம் மூடியின் நடுப்பள்ளத்தில் மழைநீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரை மூடிவிட்டு மூடியின் மேலேயே புழு வளர்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

வாரம் ஒரு நாள் டிரம், குடம், தொட்டி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. ஏடிஸ் தன் முட்டையை நீரில் போடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்து மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வாரம் ஒரு நாள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஏழாவது நாளைத் தவறவிடாவிட்டால் ஒன்றுகூடப் பறக்காது. அதே நாளில் ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர், தார்ப்பாயின் மடிப்பு, மாடியில் விட்டுப்போன பெயின்ட் டப்பா, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மேசைக்கு அடியில் கடிக்கும் கொசு அநேகமாக இவற்றில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. எந்த எண்ணெயும் அதைத் தடுக்காது, கவிழ்த்து வைப்பதுதான் தடுக்கும்.

மாநகராட்சிப் பணியாளர் வந்து டிரம்மில் அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றினால், ரசாயனம் என்று கொட்டிவிடாதீர்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீரிலும் அதைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. நீங்கள் வாரம் தவறாமல் டிரம்மைத் தேய்ப்பவராக இருந்தால், பணியாளரிடம் காட்டி ‘மூடி போட்டுத் தேய்த்து வைக்கிறோம், வேண்டாம்’ என்று சொல்லலாம்; புழு இல்லாததைப் பார்த்தால் அவர்களும் ஏற்பார்கள். வீட்டில் கிணறு இருந்தால் கப்பி மீன் விடுங்கள். சுகாதாரத் துறையிடம் கேட்டால் கிடைக்கும். இந்த மீனைக் குளம் ஏரியில் மட்டும் விடக்கூடாது, நம் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று பெருகிவிடும்.

வேப்பெண்ணெய்க்கு உரிய இடம் உங்கள் பின்பக்கத்துச் சாக்கடையும், சமையலறைத் தண்ணீர் நிற்கும் குழியும். ஓடும் சாக்கடைக்கு அல்ல, நிற்கும் சாக்கடைக்கு. ஆகவே முதல் வேலை, குச்சியால் அடைப்பை நீக்கி ஓட விடுவது. ஓடாமல் நிற்கிற மிச்ச நீருக்கு மருந்து.

எண்ணெய் வாங்கும்போதே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடும். பூஜைச் சாமான் கடையில் விளக்குக்கு என்று விற்கும் வேப்பெண்ணெயில் பெரும்பாலும் வேறு எண்ணெய் கலந்திருக்கும். செக்கில் ஆட்டியது கரும்பழுப்பாக, பூண்டு போன்ற காட்டமான வாடையோடு, மார்கழிக் குளிரில் கொஞ்சம் உறையும் தன்மையோடு இருக்கும். வாடையே இல்லாத, தெளிந்த மஞ்சள் எண்ணெய் இதற்கு உதவாது. வாங்கியதை இருண்ட நிறக் குப்பியில், வெயில் படாமல், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். அசாடிராக்டின் என்ற முக்கியப் பொருள் வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும்.

எண்ணெய் நீரில் கரையாது, குழம்பாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், 3 மில்லி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. இரண்டையும் தண்ணீர் சேர்க்காமல் முதலில் ஒரு கிண்ணத்தில் நன்றாக அடித்துக் கலக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான நீர் அரை டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் பால் போல வெளுக்கும். அதற்குப் பிறகே மீதி நீரை ஊற்ற வேண்டும். வரிசை மாறி, நீரில் எண்ணெயை ஊற்றிக் கடைசியில் சோப்பு போட்டால் துளித்துளியாகப் பிரிந்து மிதக்கும். கடலோரத்துப் போர்த் தண்ணீரில் இது இன்னும் மோசமாகும். அந்த உப்பு நீரில் சாதாரணத் துணி சோப்பைக் கரைத்தால் திரிந்து வெள்ளைப் படிவாக நின்றுவிடும், எண்ணெயைப் பிடித்து வைக்காது. அதனால் சோப்புக் கட்டி வேண்டாம், திரவ சோப்பே நல்லது. கலக்க மழைநீரோ வடிகட்டிய நீரோ எடுங்கள். முழுக்கச் செடிப் பொருளாகவே வேண்டும் என்றால் பூந்திக்கொட்டை இருக்கிறது. ஐந்து கொட்டையின் தோலை ஒரு டம்ளர் நீரில் இரவு ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்தால் வரும் நுரைநீர், உப்புத் தண்ணீரிலும் எண்ணெயைப் பிரியவிடாது. கலக்கிய அன்றே, ஆறு ஏழு மணி நேரத்துக்குள் தெளித்துவிடுங்கள்.

அளவு: ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 200 மில்லி கலவை. உங்கள் சாக்கடை ஓரடி அகலம், பத்து மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர். 600 மில்லி போதும். ஆழம் ஒரு சாணுக்கு மேல் போகாத நீருக்கான கணக்கு இது, ஆழம் கூடினால் அதற்கேற்பக் கூட்டுங்கள். பூவாளியிலோ கைத்தெளிப்பானிலோ சாயங்காலம் தெளியுங்கள். ஒரே இடத்தில் ஊற்றாமல் ஓரங்களில் பரவலாக விழ வேண்டும், புழு ஓரத்தில்தான் ஒதுங்கும். வாரம் ஒரு முறை. நடுவில் கனமழை அடித்துக்கொண்டு போனால் மழை விட்டதும் மறுபடி.

மறுநாள் காலை பார்த்துவிட்டு ‘புழு அப்படியே நெளிகிறது, பொய்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேம்பு உடனே கொல்லும் நஞ்சு அல்ல. புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போவதை அது குலைக்கிறது. தோல் பாதி கழன்றும் கழலாமலும் சாகும். அதற்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். ஏற்கெனவே கூட்டுப்புழுவாகிவிட்டவை தப்பி, இரண்டு நாளில் கொசுவாகும். ஆகவே முதல் வாரம் கடி குறையாது. சரிபார்க்க ஒரு வழி: வெள்ளை மக்கில் சாக்கடை நீரைப் பத்து இடத்தில் முகந்து புழுவை எண்ணிக் குறித்து வையுங்கள். தெளித்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி எண்ணுங்கள். தெருவில் மருந்து போடாத சாக்கடை ஒன்றிலும் எண்ணுங்கள், இல்லாவிட்டால் மழையால் குறைந்ததையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஏழாம் நாள் கூட்டுப்புழு அறவே இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது. பெரிய புழுக்கள் நிறைய இருந்தும் கூட்டுப்புழு இல்லாதது நல்ல அறிகுறிதான். இரண்டும் நிறைய இருந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

தவளை, மீன், தட்டான் இளம்புழு இருக்கும் குட்டையிலோ, கெடிலம் ஆற்றில் போய்ச் சேரும் வாய்க்காலிலோ இதை ஊற்றக் கூடாது. பூந்திக்கொட்டை நுரையே மீனுக்கு ஆகாது. தட்டான் இளம்புழு நமக்காகக் கொசுப்புழுவைத் தின்பது. உரக்கடையில் 300, 1500, 10000 பிபிஎம் என்று விற்கும் வேம்பு மருந்துகளில் அந்த எண் அசாடிராக்டின் அளவைக் குறிக்கும். குழம்பாக்கி சேர்ந்தே வருவதால் கலக்க எளிது. ஆனால் அவை பயிருக்காகப் பதிவானவை, வேறு கரைப்பான்களும் உண்டு. வீட்டு நீர் எதிலும் சேராத சாக்கடைக்கு மட்டுமே அவற்றை எண்ணலாம்.

வேப்பிலையையோ வேப்பம் பிண்ணாக்கையோ துணியில் கட்டிச் சாக்கடையில் போடச் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலிருந்து இறங்கும் மருந்துச் சத்து குறைவு, அழுகுவதுதான் அதிகம். இலையும் பிண்ணாக்கும் அழுகிய நீரில் நுண்ணுயிர் பெருகும். புழுவுக்கு அதுதான் தீனி, அந்த வாடைதான் முட்டையிட வரும் கியூலெக்ஸை அழைப்பது. முட்டையிடும் கொசுவைப் பிடிக்க ஆய்வாளர்கள் வைக்கும் பொறியில் வைக்கோல் ஊறிய நீரைத்தான் ஊற்றுகிறார்கள். அதையே நம் கொல்லையில் செய்து வைக்க வேண்டாம்.

செப்டிக் டேங்குக்கு எந்தக் கலவையும் ஊற்றாதீர்கள். எண்ணெயும் சோப்பும் உள்ளே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரைப் பாதிக்கும். மேலே மிதக்கும் ஏட்டைத் தாண்டி மருந்து பரவவும் செய்யாது. ஒரு செப்டிக் டேங்கிலிருந்து ஆயிரக்கணக்கில் கொசு கிளம்பும், அவை வெளியேற இரண்டு வழிதான்: காற்றுக் குழாயின் வாய், மேல்மூடியின் விரிசல். குழாயின் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலையையோ கண்ணாடியிழை வலையையோ கட்டுங்கள். சாதா நைலான் வெயிலில் மக்கி ஓராண்டுக்குள் கிழிந்துவிடும். விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. இரவுக் கொசுவுக்கு உங்கள் வீட்டளவில் இதைவிடப் பயனுள்ள காரியம் வேறில்லை.

தெரு முழுக்கச் சாக்கடை தேங்கியிருந்தால் தனி ஒருவர் வேப்பெண்ணெய் தெளித்துத் தீராது. அங்கே பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைக் கேளுங்கள். செடி அல்ல, மண்ணில் இயற்கையாக வாழும் நுண்ணுயிர். அதைத் தின்ற கொசுப்புழுவின் குடல் சிதைந்து ஒன்றிரண்டு நாளில் சாகும்; மீனையும் தவளையையும் மனிதரையும் ஒன்றும் செய்யாது. பக்கத்துப் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பிரித்தெடுத்த பி-17 என்ற வகை இதில் புகழ்பெற்றது. தின்றால்தான் வேலை செய்யும் என்பதால் கூட்டுப்புழு இதற்கும் தப்பும், மிக அழுக்கான நீரில் சீக்கிரம் வீரியம் குறையும். தெருவாசிகள் சேர்ந்து மாநகராட்சிச் சுகாதார அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் சாக்கடையைத் தூர்வாரிய பின் தொடர்ந்து போடச் சொல்லலாம்.

நாத்தனார் அன்போடு அனுப்பும் முந்திரி ஓட்டு எண்ணெயை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கொசுப்புழுவைக் கொல்வது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தோலை எப்படிச் சுட்டுப் புண்ணாக்குகிறது என்று. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்தக் குப்பியே இருக்கக் கூடாது.

குழந்தையின் உடம்புக்கு: ஒன்பது மாதத்தில் வேப்பெண்ணெயும் வேண்டாம், யூகலிப்டஸும் வேண்டாம், சிட்ரோனெல்லாவும் வேண்டாம். கையை வாயில் வைக்கும் வயது. வலை போதும், ஆனால் பகலிலும் வலை வேண்டும். காலையிலும் மாலை நாலு மணிக்கு மேலும்தான் ஏடிஸ் அதிகம் கடிக்கும். குழந்தை பகலில் தூங்குவதும் அந்த நேரத்தில்தான். தூளியில் போட்டால் தூளி முழுவதையும் மூடும்படி வலையைத் தொங்கவிடுங்கள், உடம்போடு ஒட்டிய வலை வழியாகக் கொசு கடிக்கும். முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறப் பருத்தி உடை போடுங்கள். மின்விசிறியை நன்றாக ஓடவிடுங்கள்; கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும்.

பெரியவர்களுக்கு, 98 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய். இரண்டு சதவீதம்தான், கூட்டினால் பலன் கூடுவதைவிட அரிப்பு கூடும். முதல் நாள் முழங்கைக்கு உட்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அனாபிலிஸுக்கு இது நெடுநேரம் காக்கும், ஏடிஸுக்கு அந்த அளவு இல்லை. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தடவ வேண்டியிருக்கும். தடவிய கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். சிட்ரோனெல்லா எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. மாமியாருக்கு இந்த வாடைகளே இழுப்பைத் தூண்டுகிறதா என்று முதலில் கவனியுங்கள். தூண்டினால் காலுறையும் வலையும்தான் அவருக்கு.

‘யூகலிப்டஸ் கொசுவை விரட்டும்’ என்று படித்திருப்பீர்கள். அது எலுமிச்சை மணமுள்ள வேறொரு யூகலிப்டஸ் மரம். அதன் எண்ணெயைப் பதப்படுத்தி எடுக்கும் பி.எம்.டி. என்ற பொருள் உண்மையிலேயே பல மணி நேரம் காக்கும், மூன்று வயதுக்குக் கீழ் அதையும் தடவக் கூடாது. ஊட்டியிலிருந்து வாங்கி வரும் நீலகிரித் தைலம் அதுவல்ல. அதைத் தடவினால் கொசுவிடமிருந்து அந்தக் காப்பு கிடைக்காது.

ஒரு கட்டத்தில் ரசாயனம் வேண்டாம் என்ற முடிவைத் தளர்த்திக்கொள்ளுங்கள்: தெருவில் டெங்கு வந்துவிட்டால். அந்த நாட்களில் பதிவு எண் உள்ள விரட்டிக் களிம்பை அட்டையில் சொன்ன வயதுக்கும் அளவுக்கும் ஏற்பப் பயன்படுத்துவது, குழந்தைக்கு டெங்கு வருவதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. குழந்தைக்கு எதைத் தடவலாம் என்று குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் ஐந்தாறு நாள் அவரையும் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். அவரைக் கடித்த ஏடிஸ்தான் அடுத்தவருக்குக் கொண்டு போகும்.

இந்த வாரம் தொட்டித் தட்டு, மூடி, வழியும் குழாயின் வலை, செப்டிக் குழாயின் வலை. அடுத்த வாரத்திலிருந்து சாக்கடைக்கு வேப்பெண்ணெய். மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். இரவுக் கடி குறைந்து பகல் கடி மட்டும் குறையவில்லை என்றால், புழு உங்கள் வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்து மாடிகளிலும், கட்டி முடியாத கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிகளிலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் முற்றங்களிலும் தேட வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் நீங்கள் நுழைய முடியாது, சுகாதார ஆய்வாளரால் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்துத் திறக்க வைக்க முடியும். கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு அவரிடம் கொடுங்கள்.